வாங்கில் வெட்டிய சொல்

அந்த வாங்கில், அந்தப் பெஞ்சில், இருக்காதையும், தம்பி.

தெரியும். 'இரு' என்று வெட்டித்தான் கிடக்கிறது. எனக்கும் தமிழ் வாசிக்கத் தெரியும். குறுக்கே நீல ரிப்பன் கட்டியிருப்பது கண்ணுக்குத் தெரியவில்லையா? மூன்று மணிக்குத்தான் அவிழ்ப்பார்கள். அதற்கு முதல் ஒருத்தரும் குந்தக்கூடாது என்று பாம் சொல்லிப்போட்டுப் போயிருக்கிறாள். பாம் இந்தக் கிரிக்கெட் கிளப்பின் செயலாளர். அவள் சொன்னால் சொன்னதுதான். அந்த இரும்பு உருளையில் இரும். ஈரமாகத்தான் இருக்கும். இந்த நாட்டில் எதுதான் ஈரமில்லை.

பஸ்ஸுக்கோ? இப்போது மணி ஒன்றரை. பட்டணத்துப் பஸ் இரண்டு நாற்பதுக்கு வந்து, அந்தப் படலையடியில், அதுதான் கேட் வாசலில், திரும்பி, உடனே போய்விடும். அதை விட்டால் நாலு நாற்பது. வீடு பார்க்க வந்தனீரோ? ஆற்றங்கரைச் சிவப்பு வீடோ? எடுக்காதையும். மழை பெய்தால் நிலத்துக்குக் கீழால் தண்ணீர் வரும். ஊரும் சரியில்லை. நாற்பது வருடம் இருந்தவன் சொல்கிறேன்.

மதுரைப் பக்கமோ நீர்? வாயைத் திறந்ததுமே தெரிந்துவிட்டது. அவனும் உங்கள் பக்கந்தான். திருமங்கலம்.

ஆரோ? இந்த வாங்குக்காரன்தான்.

சௌந்தரபாண்டியன். பட்டணத்துப் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். அந்தப் பேர் இவர்கள் வாயில் நுழையவில்லை. 'சாண்டி' ஆக்கிவிட்டார்கள். நான் வைத்திலிங்கம். பருத்தித்துறை. பட்டணத்து ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்தவன். எண்பத்தைந்தாம் வருடத்திலிருந்து இங்கே 'விக்'. விக்கும் சாண்டியும். சர்க்கஸ் கோமாளிகள் மாதிரி. சீ.

போன மார்கழியில் செத்துப்போனான். நித்திரையில். அதுதான் வாங்கு. இந்த நாட்டுக்காரர் உயிரோடு இருக்கிறவனுக்கு ஒரு கதிரை இழுத்துப் போட மாட்டார்கள். செத்தால் வாங்கு. மைதானத்தைச் சுற்றிப் பாரும். ஏழு வாங்கு. அதில் மூன்று பேர் உயிரோடு இருந்த காலத்தில் ஒரு பந்து பொறுக்கிக் கொடுத்ததில்லை. ஒன்று நாய். ஓம், நாய்க்கும் வாங்கு. 'இந்த எல்லைக்கோட்டை நேசித்த பெர்ட்டி' என்று. எல்லைக்கோட்டில் மூத்திரம் பெய்ததற்குப் பேர் நேசம்.

இது எட்டாவது. தச்சனையும் பாரும், எழுத்தை நடுவில் வெட்டத் தெரியாதவன். இடது பக்கமாக ஒதுங்கிக் கிடக்கிறது. வலப்பக்கம் சும்மா வெறும் பலகை. கீழே சின்ன எழுத்தில் இங்கிலீசில் 'வெயிட்'. குந்திக் காத்திருக்கிற வாங்கில் 'வெயிட்', பொறு என்று. இவர்களுக்கு அது பெரிய பகிடி.

இந்த ஊருக்குப் பேர் கோல்டிங்ஹம். சஃபோக் கவுண்டியின் ஒரு மூலை. முந்நூறு வீடு இல்லை, கிளப் மட்டும் நாலு. கிரிக்கெட்டுக்கு ஒன்று. வேலிக்கு அங்கால் பௌல்ஸுக்கு ஒன்று. பௌல்ஸ் தெரியுமோ? கிழடுகள் வெள்ளைச் சப்பாத்துப் போட்டுக்கொண்டு புல்லில் பந்து உருட்டுகிற விளையாட்டு. டென்னிஸுக்கு ஒன்று. குளிருக்குள் உதைபந்துக்கு ஒன்று. நாலுக்கும் ஆட்கள் அதே ஆட்கள்தான். கழுத்துப்பட்டி மட்டும் வேறு வேறு. ஒரு கிளப்பில் கோபம் வந்தால் வேலியைத் தாண்டி அடுத்ததில் போய்ச் சேருவார்கள். சண்டை பிடிக்க மாட்டார்கள். முகத்துக்கு நேரே ஒரு சொல் வராது. எல்லாம் 'லவ்லி'. பல்லைப் பிடுங்கினாலும் லவ்லி.

அதுவாவது பரவாயில்லை. இப்போது எல்லாம் நாறிப்போச்சு. முந்தி ஆட்ட இடைவேளைக்குத் தேத்தண்ணி என்றால் முட்டை சான்ட்விச், வெள்ளரிக்காய், வீட்டில் சுட்ட கேக். இப்போது அவனவன் பிளாஸ்டிக் பெட்டியில் கொண்டுவந்து மூலையில் இருந்து மாடு மாதிரி அசைபோடுகிறான். ஸ்கோரை போனில் தட்டுகிறான்கள். சட்டை மஞ்சளும் கறுப்புமாகக் குளவி மாதிரி. நான் பத்து வருடமாக நடுவர். கையைத் தூக்கினால் முறைக்கிறான்கள். முந்தி பந்து துடுப்பில் பட்டுப் பிடிபட்டது தனக்குத் தெரிந்தால் ஆட்டக்காரன் தானாகவே அவுட் என்று நடந்து போவான். நடுவர் சொல்லும்வரைக்கும் நிற்க மாட்டான். அதுதான் கிரிக்கெட். செய்தது தெரிந்தால் நடக்கவேணும். இப்போது ஸ்டம்ப் பறந்து கிடந்தாலும் நின்று பார்க்கிறான்கள், வெட்கம் கெட்டவன்கள்.

சரி. அவன் கதைக்கு வாறன்.

இரண்டாயிரத்து ஒன்றாம் வருடம். கொலின் கப்டன். பாமின் புருஷன், புல்வெட்டும் மெஷின் விற்கிறவன். அந்த வருடந்தான் சாண்டி எங்கள் அணிக்கு வந்தான். எனக்கு ஐம்பது, அவனுக்கு நாற்பத்து நாலு. கடைசிக்கு முந்தின ஆளாக அவனையும் கடைசி ஆளாக என்னையும் துடுப்பெடுக்க விட்டுவிட்டு, கொலின் ஒரு யோசனை சொன்னான்.

"விக், ஓடச் சொல்லி நாங்கள் இங்கிலீசில் கூப்பிட்டால் எதிரிக்கும் விளங்கும். நீங்கள் இரண்டு பேரும் உங்கள் பாஷையில் கூப்பிடுங்கள். ஒரே பாஷைதானே?"

ஒரே பாஷை! பருத்தித்துறைக்கும் திருமங்கலத்துக்கும் ஒரே பாஷை! அவனுக்கு என்ன தெரியும். உங்கள் பக்கத்தில் 'இரு' என்றால் பொறு, நில். எங்கள் பக்கத்தில் 'இரு' என்றால் குந்து. அவன் 'பேசுவோம்' என்பான், எங்களுக்குப் பேசுவதென்றால் ஏசுவது. வந்த முதல் கிழமை "உங்ககூடப் பேசணும்ணே" என்றான். நான் என்ன பிழை செய்தேன் என்று இரண்டு நாள் யோசித்தேன்.

முதல் நாள் பயிற்சியில் பந்தைத் தட்டிவிட்டு, "வாங்கண்ணே, வாங்க வாங்க வாங்க!" என்றான். கலியாண வீட்டு வாசலில் பன்னீர் தெளிக்கிறவன் மாதிரி. அவன் மரியாதை வந்து சேருமுன்னம் பந்து வந்து சேர்ந்துவிட்டது.

"டேய், கிரிக்கெட்டில 'ங்க' போட நேரமில்லை" என்றேன். "வா. நில். ஓடு. அவ்வளவுதான்."

"உங்களப் போயி எப்படிண்ணே வான்னு கூப்பிடுறது? ஆறு வயசு மூத்தவங்க."

"மைதானத்துக்குள்ள வயது இல்லை."

"நாக்கு வராதுண்ணே."

"வரப்பண்ணு."

வரவில்லை. அந்தப் பருவம் முழுக்க 'வாங்கண்ணே'தான். வெள்ளைக்காரன்களும் பிடித்துக்கொண்டான்கள். "வொங்கினே! வொங்கினே!" என்று கத்திக்கொண்டு ஓடினான்கள். இப்போதும் இந்தக் கிளப்பில் அவசர ஓட்டத்துக்குப் பேர் வொங்கினே. ஏன் என்று இன்றைக்கு ஆடுகிற ஒருத்தனுக்கும் தெரியாது.

அவன் இழுத்துக் கூப்பிட்டதில் நான் இரண்டு முறை ரன் அவுட். இரண்டாம் முறை எல்லாருக்கும் முன்னால் ஏசினேன். "உன்ர மரியாதையைக் கொண்டுபோய்க் குப்பையில போடு" என்றேன். தலையைக் குனிந்துகொண்டு நின்றான். "சரிண்ணே. வேற வழி பாக்குறேன்" என்றான். அவ்வளவுதான் சொன்னான்.

செப்டெம்பரில் கடைசி ஆட்டம். பக்கத்து ஊர் ஃபென்ஸ்டோக்கோடு, இதே மைதானத்தில். வென்றால் இரண்டாம் பிரிவில் நிற்போம். சமநிலை போதாது. மூன்றாம் பிரிவுக்கு இறங்கினால் ஆடு மேய்கிற காணிகளில் போய் ஆடவேணும். புழுக்கைக்கு மேலால் பந்து உருளும்.

இன்னொன்றும் இருந்தது. கொலினுக்கு முழங்கால் போய்விட்டது. அடுத்த வருடத்துக்குச் சாண்டிதான் கப்டன் என்று கமிட்டிக்குள் பேசி முடித்திருந்தார்கள். நூறு வருடத்துக்கு மேலான கிளப், வெள்ளைக்காரன் அல்லாத ஒருத்தன் கப்டனாக இருந்ததில்லை. அவன் வந்து ஒரு வருடம் ஆகவில்லை. நான் பதினாறு வருடம் ஆடினவன். என்னை ஒருத்தரும் கேட்டதில்லை. அது வேறு கதை. அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. வீணாக இரண்டையும் முடிச்சுப் போடாதையும்.

ஆட்டத்துக்கு முதல், உடுப்பு மாற்றுகிற அறையில், "அண்ணே, இன்னிக்கு ஒரு புது விஷயம், கூப்பிடுறதுல..." என்று தொடங்கினான். நான் சப்பாத்து நாடா கட்டிக்கொண்டிருந்தேன். "பிறகு சொல்லு" என்றேன். அவனுடைய கதை கேட்கிற நேரமா அது?

கடைசி ஓவர். ஒன்பது பேர் போய்விட்டார்கள். ஓட்டம் சமன். ஒன்று எடுத்தால் வெற்றி. இரண்டு பந்து மிச்சம். அடிக்கிற பக்கம் அவன், பந்து போடுகிற பக்கம் நான். அவன் பந்தை வலப்பக்கமாக மெதுவாகத் தள்ளினான். ஏதோ கத்திக்கொண்டு ஓடி வந்தான். நானும் வெளிக்கிட்டுவிட்டேன். பாதி வழியில்தான் சொல் காதில் ஏறியது.

இரு.

நீர் சொல்லும். அண்ணே அண்ணே என்று வாலைப் பிடித்துக்கொண்டு திரிந்தவன், கப்டன் பதவி வரப்போகுது என்றதும், ஐம்பது வயது மனிசனைப் பார்த்து 'இரு' என்கிறான். எங்கள் வீட்டில் நாயைத்தான் அப்படிச் சொல்லுவோம்.

நின்றுவிட்டேன். நட்டநடுவில். துடுப்பை நிலத்தில் ஊன்றி, ஒரு கையை இடுப்பில் வைத்துக்கொண்டு, "ஆரைப் பாத்து இரு எண்டுறாய்?" என்று கேட்டேன். அவன் என்னைத் தாண்டி ஓடிக்கொண்டு, "போங்கண்ணே! போங்க, போங்க!" என்று அந்தப் பக்கம் கையைக் காட்டினான். முதலில் இரு, பிறகு போ. என்ன நினைத்துக்கொண்டான்?

பந்து என் தலைக்கு மேலால் விக்கெட் காப்பாளனிடம் போனது. அவன் அதைக் கையில் வைத்துக்கொண்டு என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தான். நான் இன்னும் ஏசிக்கொண்டுதான் நின்றேன். பிறகு "சாரி" என்று சொல்லிவிட்டு ஸ்டம்பைத் தட்டினான். சாரி சொல்லிப்போட்டுக் கழுத்தை அறுப்பார்கள்.

மூன்றாம் பிரிவு.

கொலின் நொண்டிக்கொண்டு மைதானத்துக்குள்ளே வந்தான். "என்ன கூப்பிட்டாய், சாண்டி?" என்றான். நான் முந்திக்கொண்டேன். "வெயிட் என்று கூப்பிட்டான். கூப்பிட்டுவிட்டுத் தான் ஓடினான்" என்றேன். சாண்டி என்னைப் பார்த்தான். பிறகு கொலின் பக்கம் திரும்பி, "என்னுடைய பிழை. கூப்பிட்டது நான்" என்றான்.

கேட்டீரோ? அவனே ஒத்துக்கொண்டான். அத்தனை பேருக்கு முன்னால். நான் கழுத்தைப் பிடித்துச் சொல்ல வைக்கவில்லை.

ஒரு ஓட்டத்துக்குக் கூப்பிடத் தெரியாதவன் பதினொரு பேரை எப்படி நடத்துவான்? அப்படித்தான் கமிட்டி நினைத்திருக்கும். நேரே சொல்லவில்லை. "லவ்லி சீசன், சாண்டி" என்று தோளில் தட்டினார்கள். சித்திரையில் அறிவிப்புப் பலகையில் வேறொருத்தன் பேர் இருந்தது. அவன் நின்று அதை வாசித்தான். பையைத் தூக்கிக்கொண்டு வேலிக்கு அங்கால் பௌல்ஸ் கிளப்புக்குப் போனான். நாற்பத்து நாலு வயதில், கிழடுகளோடு பந்து உருட்ட. அங்கே ஓடத் தேவையில்லை, ஒருத்தரையும் கூப்பிடத் தேவையில்லை.

நான் அவனோடு கதைக்கவில்லை. இருபத்து மூன்று வருடம்.

அவன் கதைக்கப் பார்த்தவன்தான். ஒருமுறை தபால் கந்தோர் வாசலில், "அண்ணே, ஒரு காபி சாப்பிடுவமா?" என்றான். "பஸ் வந்திட்டுது" என்றேன். பஸ் வரவில்லை. அவனும் திரும்பிப் பார்த்தான், பஸ் இல்லை என்று அவனுக்கும் தெரியும். "சரிண்ணே, பத்திரமாப் போங்க" என்றான்.

இந்த வெள்ளைப் பலகைத் திரை இருக்கிறதல்லவா, பந்து தெளிவாகத் தெரியவேணுமென்று நட்டு வைத்தது. அதற்குப் பின்னால்தான் நாங்கள் இப்போது இருக்கிறோம். இங்கே நின்றால் கிளப் கட்டடத்திலிருந்து ஒருத்தருக்கும் தெரியாது. பௌல்ஸ் ஆட்டத்துக்கு நடுவில் சாண்டி வேலியால் நுழைந்து இங்கே வந்து நிற்பான். சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை. திரைக்கும் மரத்துக்கும் நடுவில் உள்ள இடைவெளியால் ஆட்டம் பார்ப்பான். நடுவராக அந்தப் பக்கம் நிற்கிற எனக்கு மட்டும் அவன் தெரிவான். வெள்ளைத் தொப்பி. பத்து வருடம் பார்த்தேன். ஒருநாளாவது தலையை ஆட்டியிருக்கலாம். ஆட்டவில்லை. நடுவர் ஆட்டத்துக்குள் தலையை ஆட்டக்கூடாது. சட்டம் அப்படி.

என்ன சிரிக்கிறீர்?

மாசி மாதம் ஆண்டுக் கூட்டம். அவன் செத்து இரண்டு மாதம். பாம் அந்தக் காலத்தில் வீடியோக் கமெரா ஒன்றைத் தூக்கிக்கொண்டு திரிவாள். அந்தப் பழைய நாடாவைத் தேடி எடுத்து, ஏதோ மெஷினில் மாற்றி, பெரிய டீவியில் போட்டார்கள். 'சாண்டியின் நினைவாக' என்று. நினைவாக அவர்கள் எடுத்தது எதை? அந்த ரன் அவுட்டை. அதுதான் இந்தக் கிளப்பின் பழைய பகிடி. நான் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நிற்கிறேன், முப்பது பேர் உருளைக்கிழங்குச் சிப்ஸ் தின்றுகொண்டு சிரிக்கிறார்கள். அருவருப்பு.

பாம் எல்லைக்கோட்டில் நின்று எடுத்திருக்கிறாள். காற்று அவள் பக்கம். சத்தம் நல்ல தெளிவு. பந்தைத் தள்ளிவிட்டு அவன் கத்துகிறான்.

"இருக்குண்ணே! இருக்குண்ணே! இருக்கு!"

நான் என்னுடைய சிப்ஸ் கிண்ணத்தைக் கீழே வைத்தேன்.

இருக்கு. ஓட்டம் இருக்கு. அவ்வளவுதான். 'வா' என்றால் மரியாதைக் குறைவு, அவனுக்கு நாக்கு வராது. 'வாங்க' என்றால் எனக்கு நேரம் போதாது. அவன் இருந்து யோசித்து, ஒருத்தரையும் ஏவாத ஒரு சொல்லைத் தேடிப் பிடித்திருக்கிறான். ஓட்டம் இருந்தால் இருக்கு. இல்லாவிட்டால் இல்ல. மூத்தவனை வா என்றும் கூப்பிட வேண்டாம், போ என்றும் விரட்ட வேண்டாம். வேற வழி பாக்குறேன் என்றவன் பார்த்திருக்கிறான். கணக்கு வாத்தியார்தானே. அந்த அவசரத்திலும் வாலில் ஒரு 'அண்ணே' வேறு.

இன்னும் வடிவாக, எனக்கு விளங்கச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லையே. சப்பாத்து நாடா கட்டுகிற நேரத்தில் வந்து சொல்லுகிறதோ?

"நிற்பாட்டு, நிற்பாட்டு" என்றான் கொலின். "விக், அதுதானே? அங்கே சாண்டி கத்துவது 'வெயிட்' தானே?"

முப்பது பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அந்த அறையில் தமிழ் தெரிந்தவன் நான் ஒருத்தன். இந்த ஊரிலேயே நான் ஒருத்தன். மற்றவன் செத்துப்போனான்.

"ஓம். வெயிட்" என்றேன்.

"லவ்லி!" என்றாள் பாம். "அதைத்தான் வாங்கில் போடவேணும். உங்கள் எழுத்திலேயே. எழுதித் தாருங்கள், விக்." ஒரு துண்டுக் கடதாசியையும் பென்சிலையும் நீட்டினாள்.

நான் எழுதத்தான் தொடங்கினேன், தம்பி. நம்பினால் நம்பும், விட்டால் விடும். 'இருக்கு' என்று எழுதத்தான் பென்சிலை வைத்தேன். 'இரு' வரைக்கும் போனேன். நின்றுவிட்டேன்.

இது என்னுடைய கையெழுத்து. என்னுடைய 'ரு'வுக்கு வால் அப்படித்தான் வளையும்.

பிறகென்ன. வெட்டினார்கள், கொண்டுவந்து வைத்தார்கள், படம் எடுத்தார்கள். இன்றைக்கு மூன்று மணிக்கு நான் மூன்று நிமிஷம் பேசவேணுமாம். சாண்டி என்ன கூப்பிட்டான், அதற்கு என்ன அர்த்தம், எல்லாரும் சிரிக்கிற மாதிரி. உள்ளே பாண் வெட்டுகிறார்கள். இன்றைக்கு மட்டும் முட்டை சான்ட்விச் உண்டாம். செத்தவனுக்கு.

அதோடு விட்டிருந்தால் நான் பேசிப்போட்டுப் போயிருப்பேன். வியாழக்கிழமை டெலிபோன் வந்தது. அவனுடைய மனிசி, செண்பகவல்லி. இப்போது லெஸ்டரில் மகளோடு. பாம் அவவுக்கு வாங்குப் படத்தை அனுப்பியிருக்கிறாள். கெடுகாலம்.

"வைத்தியண்ணே, பெஞ்சு போட்டோ பாத்தேன். 'இரு'ன்னு போட்டிருக்கு. அன்னிக்கு அவரு உங்கள இருன்னா சொன்னாரு?"

"ஓம்" என்றேன்.

அவ சொன்னா: "சொல்லிருக்க மாட்டாருண்ணே. எங்க வீட்டு நாயக்கூட 'வாங்க, சாப்பிடுங்க'ன்னுதான் கூப்பிடுவாரு. அதுக்கு நான் சண்டை போடுவேன். உங்களப் போயி இருன்னு எப்படி?"

நான் டெலிபோனை மற்றக் காதுக்கு மாற்றினேன்.

"சாகுறவரைக்கும் அந்த மேட்ச் பத்தி ஒரு வார்த்தை சொல்லலண்ணே. கேட்டா 'விடும்மா, அண்ணன் வருத்தப்படுவாரு'ம்பாரு. நீங்க வருத்தப்பட என்ன இருக்குன்னு எனக்குப் புரியவே இல்ல. சனிக்கிழம வாரேன். நேர்ல சொல்லுங்க. அவரு என்னதான் சொன்னாரு அன்னிக்கு?"

இரண்டு நாற்பது பஸ்ஸில் வாறா. நீர் ஏறப்போகிற அதே பஸ். அவ வந்து இறங்குமுன்னம் நான் பஸ் ஏறிப் போய்விடலாம் என்றுதான் காலையில் வெளிக்கிட்டேன். பத்து மணிக்கு வந்தேன். பத்து நாற்பது பஸ்ஸும் போனது, பன்னிரண்டு நாற்பது பஸ்ஸும் போனது. ஏறவில்லை. காலுக்கு ஏலாது. வேறொன்றுமில்லை.

பையை ஏன் பார்க்கிறீர்? உளி. அது சுத்தியல். வீட்டில் கதவு இறுகிப்போனது, சீவ வைத்திருக்கிறேன். சும்மா கொண்டுவந்தது. காலையிலிருந்து மூன்று முறை வெளியே எடுத்தேன், மூன்று முறை உள்ளே வைத்தேன். நாலாம் முறைதான் நீர் வந்து குந்தப் பார்த்தீர்.

நீர் சொல்லும், ஒரே ஒரு கேள்வி. உங்கள் பக்கத்தில், ஆறு வயது மூத்தவனை, அண்ணே என்று கூப்பிடுகிறவனை, எவ்வளவு அவசரமென்றாலும், 'இரு' என்று சொல்லுவீர்களோ?

ம்.

மாட்டீர்கள். நினைத்தேன்.

எழும்பும். அந்த ரிப்பனை இந்தப் பக்கமாக இழுத்துப் பிடியும். அவிழ்க்காதையும், அவிழ்த்தால் பாம் என்னை உயிரோடு தின்பாள். அப்படித்தான். கையை ஆட்டாமல் நில்லும். உள்ளே சத்தம் கேட்டால் கேட்கட்டும். நான் ஸ்டம்ப் அடிக்கிறேன் என்று நினைப்பார்கள்.

ஓக் மரம். இறுக்கம். நல்ல காலம் அந்த முட்டாள் தச்சன் வலப்பக்கம் இடம் விட்டது.

கீழே இங்கிலீசில் கிடக்கிறது அப்படியே கிடக்கட்டும். இவர்களுக்கு அது போதும். மேலே வாசிக்கத் தெரிந்தவர்கள் வாசிக்கட்டும்.

என்ன பார்வை அது? நடக்கவேணும் என்று சொன்னவன் நான்தான், தெரியும். எனக்கு மறதி ஒன்றுமில்லை. மூன்று மணிக்கு இன்னும் நேரமிருக்கு. முதலில் அவவுக்குப் பதில் சொல்லவேணும். அந்த வெள்ளைக்காரன்களுக்குப் பிறகு பார்ப்பம். ரிப்பனைப் பிடியும் என்றால் பிடியும்.

கேட்குதோ?

பஸ் வந்திட்டுது. இந்த முறை உண்மையாகத்தான்.

ஆர் இறங்குகிறது? மஞ்சள் குடையோ? அவதான். நீர் ரிப்பனை விட்டுப்போட்டுப் போம். போய் அவவைக் கொஞ்சம் மறித்துக்கொண்டு நில்லும். பஸ் போனால் போகட்டும், நாலு நாற்பதுக்குப் போகலாம். உங்கள் பக்கத்து ஆள்தானே, ஏதாவது கதையும். சிவப்பு வீட்டைப் பற்றிக் கேளும். படலையடியில் ஒரு வாங்கு இருக்கு, நாயின் வாங்கு, அதில் இருத்தும். 'இரு' என்று சொல்லிப்போடாதையும். 'இருங்க' என்று சொல்லும்.

ஓடும், தம்பி.

'க்' முடிஞ்சுது. கோணல்தான். பரவாயில்லை.

இன்னும் ஒரு எழுத்து இருக்கு.